பென்ஷன் அப்பீல் விசாரிக்க உட்காருகிறவருக்கு

பெங்களூரில் உதவி ஆணையராக, அதாவது ஏ.சி.யாக, இருந்த காலத்தில் என் மேசையில் நில வழக்குகள்தான் கட்டுக்கட்டாக இருக்கும். அவற்றுக்கு வக்கீல் உண்டு, வாய்தா உண்டு, சத்தமும் உண்டு. முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி பென்ஷன் அப்பீல்கள் ரெண்டு மூணு தாளாக ஓரத்தில் கிடக்கும். வருகிறவர் தனியாக வருவார், மிஞ்சினால் பேத்தியைக் கூட்டிவருவார். ரெவின்யூவில் சேர்ந்திருக்கும் நம்ம தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இதை எப்படி விசாரிப்பது என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேதி போடுவதற்கு முன், தாசில்தார் ஏன் நிராகரித்தார் என்பதை ஃபைலைப் பார்த்து உங்கள் கையால் ஒரே வரியில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அந்த உத்தரவில் காரணமே கிடையாது. 'தகுதியில்லை', 'ஆவணம் சரியில்லை' என்பதெல்லாம் காரணம் ஆகாது. எந்தத் தகுதி? எந்த ஆவணம்? கேஸ் ஒர்க்கரை, அதாவது ஃபைலைக் கவனிக்கும் குமாஸ்தாவை, கூப்பிட்டால் வாயால் புதுசாக ஒன்று சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், அதை வைத்துப் பழைய உத்தரவுக்கு முட்டுக்கொடுக்காதீர்கள். உத்தரவு அதில் எழுதியிருக்கும் காரணத்தோடுதான் நிற்க வேண்டும், பின்னால் ஒட்டுப்போடக் கூடாது என்று மொஹிந்தர் சிங் கில் வழக்கில் 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதுக் காரணத்தில் உண்மை இருக்கிறதா? அதை மனுதாரரிடம் சொல்லி, பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள்.

அடுத்தது காலக்கெடு. அரசு சேவையைக் குறித்த நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்னும் கர்நாடகத்தின் சகாலா சட்டப்படி முதல் அப்பீல் போட 30 நாள். 'தாமதம், தள்ளுபடி' என்று எழுதுவதுபோல் சுலபமான வேலை இல்லை, அதனாலேயே எனக்கு அதில் சந்தேகம். விண்ணப்பத்தில் இருக்கும் செல்போன் நம்பரைப் படித்துக் காட்டுங்கள்.

"இந்த நம்பர் யாருதும்மா?"

"சைபர்காரத் தம்பியோடது சார். அதுதான் போட்டுக் குடுத்துச்சு."

நிராகரித்த எஸ்.எம்.எஸ். அந்தத் தம்பிக்குப் போயிருக்கும், அவனும் அன்றைக்கே அழித்திருப்பான். அந்தம்மாவுக்கு விஷயம் எப்போது தெரிந்ததோ அதைக் கேட்டு, பதிவில் ஏற்றிய பிறகுதான் நாளைக் கணக்குப் போட வேண்டும்.

வயசுத் தகராறுதான் நிறைய வரும். கர்நாடகத்தின் முதியோர் பென்ஷனான சந்தியா சுரக்ஷாவுக்கு 65 ஆகியிருக்க வேண்டும். ஸ்ரீராமபுரத்திலோ மர்பி டவுனிலோ இருக்கும் ஒரு பாட்டியின் ஆதாரை வாங்கிப் பாருங்கள்: பிறந்த தேதி ஜனவரி 1. பதிவு செய்ய உட்கார்ந்த பையன் குத்துமதிப்பாக ஒரு வருஷத்தைத் தட்டியிருப்பான். ஆதார் ஆளை அடையாளம் காட்டும், வயசை நிரூபிக்காது. 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆதாரை விட்டுவிட்டுப் பள்ளிச் சான்றிதழில் இருந்த தேதியைத்தான் எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடமே போகாதவரிடம் என்ன கேட்பது? மூத்த பிள்ளையின் வயசைக் கேளுங்கள். பிள்ளையின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் பிறந்த வருஷம் 1978 என்று இருந்தால், அம்மாவுக்கு இப்போது ஐம்பத்தைந்து என்று காட்டும் அட்டை எந்த அளவுக்குச் சரி என்பது உங்களுக்கே விளங்கும். அதோடு பழைய வாக்காளர் அட்டை, அரசு ஆஸ்பத்திரி வயசுச் சான்று இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

பெயர்க் குழப்பம் நம்ம ஆட்களுக்கே உரியது. ரேஷன் கார்டில் எம். செல்வி, வங்கியில் செல்வி முனுசாமி, கன்னட விண்ணப்பத்தில் ஷெல்வி. ஆள் ஒருத்திதான். இதற்காக யாரையும் நோட்டரிக்கு அலையவிடாதீர்கள்.

'பணம் வரவில்லை' என்று வரும் அப்பீலில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கருவூலக் கணக்கில் மாதாமாதம் பணம் போனதாக இருக்கும். பாட்டியின் பாஸ்புக்கில் ஒரு பைசா ஏறியிருக்காது. ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆதார் வழியாகப் போகும் பணம், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதார் இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்கில்தான் விழும். சிம் வாங்கப்போன கடையில், "இங்க விரல் வைங்கம்மா" என்றபோது ஒரு கணக்கு திறந்திருக்கும். ஆதார் ஆணையமான யு.ஐ.டி.ஏ.ஐ.யின் தளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும், ஓ.டி.பி. வரும் போன் மட்டும் கையில் இருக்க வேண்டும். ஊதுபத்தி உருட்டி ரேகை தேய்ந்த விரல் மிஷினில் விழாமல் பணம் எடுக்க முடியாமல் போவது வேறு கதை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் தப்பான ஆபீசுக்கு உத்தரவு போடுவீர்கள்.

ஸ்தல மகஜரை, அதாவது நேரில் போய்ப் பார்த்ததாக எழுதும் அறிக்கையை, அப்படியே நம்பிவிடாதீர்கள். 'வீடு பூட்டியிருந்தது' என்றால் எத்தனை மணிக்குப் போனார்? காலை பதினொன்றுக்கு வீட்டுவேலை செய்யும் பெண் வீட்டில் எப்படி இருப்பாள்? 'மகனுடன் வசிக்கிறார்' என்று யார் சொன்னது, கையெழுத்துப் போட்ட இருவரும் அதே தெருவா?

தமிழில் பேசலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் பேசுங்கள், அந்தம்மாவின் பயம் பாதி தெளிந்துவிடும். ஆனால் கேஸ் ஒர்க்கருக்குத் தமிழ் வராதென்றால் ஒவ்வொரு பதிலையும் அங்கேயே கன்னடத்தில் சொல்லி எழுதவையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ரெண்டு பேரும் ஏதோ பேசி முடித்துக்கொண்ட மாதிரி இருக்கும். நானும் தமிழ் ஆள்தான்; நம்மைப் போன்றவர்களிடம் 'உங்க அம்மா வழியில சொந்தம்' என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். உண்மையிலேயே சொந்தம் என்றால் ஃபைலை வேறொருவருக்கு மாற்றச் சொல்லி மாவட்டத்தின் டெபுடி கமிஷனருக்கு எழுதிவிடுங்கள்.

கேட்டவரே எழுத வேண்டும். ஒருவர் கேட்டு இன்னொருவர் முடிவெடுத்தால் அந்த விசாரணை வெறும் சம்பிரதாயம் என்று குல்லபள்ளி நாகேஸ்வர ராவ் வழக்கில் 1958-இல் தீர்ப்பு. உங்களுக்கு மாற்றல் வந்தால் கேட்டு முடித்தவற்றை எழுதிவிட்டுப் போங்கள்.

உத்தரவு கன்னடத்தில், ஒன்றரைப் பக்கத்துக்குள் இருக்கட்டும். தாள்கள் எல்லாம் கையில் இருக்கும்போது 'மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது' என்று எழுதுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். அதே மேசை, அதே ஆள், இன்னொரு மூணு மாசம். பென்ஷன் கொடு என்றால் எந்தத் தேதியிலிருந்து என்றும் சேர்த்து எழுதுங்கள். கொடுக்க முடியாதென்றால் எந்தத் தாள் வந்தால் கிடைக்கும், அடுத்த அப்பீல் யாரிடம் என்று எழுதுங்கள். குறித்த கெடுவுக்குள் ஆபீஸ் முடிக்காத விண்ணப்பமாக இருந்தால் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 என்ற சகாலா இழப்பீட்டையும் போடுங்கள். சின்னத் தொகைதான், ஆனாலும் தவறிய அதிகாரியின் சம்பளத்திலிருந்து போவதால் அடுத்த ஃபைல் வேகமாக நகரும்.

நகலைத் தபாலில் போடாமல் கையிலேயே கொடுத்து, தமிழில் படித்துச் சொல்லி, பேத்தியின் போன் நம்பரைப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். அடுத்த மாதம் பத்தாம் தேதி வாக்கில் பணம் விழுந்ததா என்று கேஸ் ஒர்க்கரை அந்த நம்பருக்குக் கூப்பிடச் சொல்லி, அதையும் டைரியில் குறித்துவையுங்கள்.