தைராய்டும் பிரீஎக்லாம்சியாவும்: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

இருபது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-க்கு ஏறி, சிறுநீரில் புரதமும் இறங்கினால் பிரீஎக்லாம்சியா என்று சொல்லி எல்லாரும் உஷாராகிவிடுகிறார்கள். தைராய்டு விஷயத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். மாத்திரை போட மறப்பதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

எல்லா மாத்திரையும் ஒரே வேளையில்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. மாத்திரைப் பெட்டியின் காலைக் கட்டத்தைத் திறந்தால், தைராய்டு குறைபாட்டுக்கான பொடிசான தைராக்சின் மாத்திரை, பக்கத்திலேயே கட்டை விரல் நகம் அளவுக்குக் கால்சியம், அதன்மேல் இரும்புச் சத்து. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மூன்றும் ஒரு வாய் தே தாரிக்கோடு உள்ளே போகும். கால்சியம் குறைவாகச் சாப்பிடுபவர்களுக்கு பிரீஎக்லாம்சியா வராமல் தடுக்கவே அந்த மாத்திரையைத் தருகிறார்கள். ஆனால் கால்சியமும் இரும்பும் குடலிலேயே தைராக்சினைப் பிடித்துக்கொள்ளும்; மருந்தில் ஒரு பகுதி ரத்தத்துக்கே போகாது.

அடுத்த முறை பலதுறை மருந்தகத்தில் டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும் ரத்த அளவு) கூடியிருக்கும். தைராக்சின் 75 மைக்ரோகிராம் 100 ஆகும், பிறகு 125. பிள்ளை பிறந்து கால்சியம் நின்றதும் அந்த 125-ம் முழுசாக உடம்பில் ஏறும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும். பத்தியம் இருக்கும் வீட்டில் அதைப் பிரசவக் களைப்பு என்று விட்டுவிடுவார்கள்.

காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் தைராக்சின். பசியாற அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். இரும்பு, கால்சியம் எதுவானாலும் நான்கு மணி நேரம் கழித்துத்தான். கர்ப்பிணிகளுக்கான பால்மாவு, சோயா பால், மல்டிவைட்டமின் மூன்றும் இந்தக் கணக்கில்தான் வரும். பிரீஎக்லாம்சியாவைத் தடுக்க இரவில் போடும் ஆஸ்பிரினால் இடைஞ்சல் இல்லை.

நோய் உச்சத்தில் எடுத்த ரத்தத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

பிரீஎக்லாம்சியாவில் தைராய்டு ஹார்மோனைச் சுமக்கும் புரதமும் சிறுநீரோடு போய்விடுகிறது. ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு பொருளை நச்சுக்கொடி அதிகமாகச் சுரப்பதால், தைராய்டுக்குள் இருக்கும் நுண்குழாய்களும் பாதிக்கப்படலாம். இதனால் டிஎஸ்எச் கொஞ்சம் கூடும். குழந்தையின் நுரையீரலுக்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசியோ அதை இறக்கும். இப்படி இரண்டு பக்கமும் இழுபடும் எண்ணை நம்பி, ஆயுளுக்கும் தைராய்டு நோயாளி என்று முத்திரை குத்தக் கூடாது. பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி பாருங்கள். டிஎஸ்எச் 10-ஐத் தாண்டினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. உடனே சிகிச்சை தேவை.

பயோட்டின்

இந்த வைட்டமினை முடிக்காகச் சாப்பிடுகிறீர்களா? ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். சில கருவிகளில் தைராய்டு அளவு பொய்யாக வரும்.

லேபெட்டலால்

இந்த ரத்த அழுத்த மருந்து படபடப்பை மறைக்கும். தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள் நாடித்துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிறகும் கர்ப்பகால அளவு

முன்பே தைராக்சின் எடுத்தவர்கள், மருத்துவரிடம் கேட்டுப் பழைய அளவுக்குத் திரும்புங்கள்.

தலைவலி, கண் மங்கல், வலது மேல்வயிற்று வலி

இவை பிரீஎக்லாம்சியாவின் அபாய அறிகுறிகள்; தைராய்டு என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வலிப்பு வந்தால் 995 (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ்).