பிக்கப்பின் பின் ஷாக் அப்சர்பர் மாற்றப் போகிறீர்களா?

குறுவை அறுவடையில் 40 கிலோ நெல் சிப்பங்களை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்கு ஓடும் வண்டியா? பின் ஷாக் அப்சர்பரைக் குனிந்து பாருங்கள். எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தாலோ, வேகத்தடை தாண்டியபின் பின்பக்கம் ரெண்டு மூணு முறை துள்ளினாலோ மாற்றிவிடுங்கள். ஒன்று மட்டும் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

பாரம் ஏற்றினால் வண்டி பின்னால் ரொம்பத் தாழ்கிறதா? அது ஷாக்கின் குறை இல்லை. பாரத்தைத் தாங்குவது எஃகுப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங், துள்ளலை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை.

லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டு உயர்த்திய வண்டி என்றால் ஷாக்கின் நீளத்தை அளந்து வாங்குங்கள். அப்புறம், மாட்டும்போது ஷாக்கின் முனையில் உள்ள ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்டை முழுதாக இறுக்குவது சக்கரம் தரையில் நின்ற பிறகுதான். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். மன்னார்குடிப் பக்கம் நான் பார்த்த பல வண்டிகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.