சென்னைக்கு மிஷன் பயணம்: வாலிபர் சங்கங்கள் வருஷா வருஷம் செய்யும் தவறுகள்

ஈஸ்டர் ஆராதனை முடிகிற நேரத்தில் அந்த அறிவிப்பு வரும்: "மே மாதம் நம்முடைய வாலிபர் சங்கம் சென்னைக்கு ஊழியப் பயணம் போகிறது. விருப்பமுள்ளவர்கள் செயலரிடம் பெயர் கொடுக்கவும்." மதுரை மாவட்டத்தில் திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துச் சேகரங்களில் (ஒரு ஆயரின் கீழ் உள்ள சபைகளின் தொகுதி) பழகிப்போன அறிவிப்பு இது. பிள்ளைகள் நல்ல மனசோடுதான் கிளம்புகிறார்கள். ஆனால் போன வருஷம் போனவர்கள் பட்ட பாட்டையே இந்த வருஷம் போகிறவர்களும் படுகிறார்கள். அவர்களை ஏற்றுக்கொள்ளும் சென்னைச் சபை அதைவிட அதிகமாகப் படுகிறது. சோப்பு, சார்ஜர், போர்வை பற்றியெல்லாம் வீட்டில் அம்மாவே சொல்லி அனுப்பிவிடுவார். வீட்டில் யாரும் சொல்லாத விஷயங்கள் மட்டும் இங்கே.

ஈஸ்டருக்குப் பிறகு டிக்கெட் பார்ப்பது

ரயில் முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன்னால் திறந்தது. 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். மே 10 இரவு மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏற வேண்டுமென்றால் மார்ச் 11 காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். அது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். அதனால் பெயர்ப் பட்டியல் பிப்ரவரியிலேயே முடிந்திருக்க வேண்டும். ஈஸ்டர் அறிவிப்புக்குப் பிறகு பார்த்தால் கோடை விடுமுறைக் கூட்டத்தில் வெயிட்டிங் லிஸ்ட்தான் மிஞ்சும்.

ஒரு டிக்கெட்டில் 6 பேருக்கு மேல் போட முடியாது. 24 பேர் என்றால் 4 டிக்கெட். பெரியவர்கள் நாலு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டுவிடாமல் டிக்கெட்டுக்கு ஒருவராகப் பிரித்துப் போடுங்கள். ஒரு டிக்கெட்டில் ஆறு பேரும் வெயிட்டிங்கிலேயே நின்றுவிட்டால் சார்ட் போட்டதும் இ-டிக்கெட் தானாக ரத்தாகிவிடும். தட்கலில் ஒரு டிக்கெட்டுக்கு 4 பேர்தான்; அதை நம்பி ஒரு குழுவைக் கிளப்ப முடியாது. திரும்பி வரும் டிக்கெட்டுக்கான நாளை காலண்டரில் தனியாகக் குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்புவதென்றால் அந்த முன்பதிவும் ஒரு வாரம் கழித்துத்தான் திறக்கும், இதை மறக்கிற செயலர்கள் நிறையப் பேர். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் மதுரைக்குத் திரும்புகிற மாதிரி தேதி வைக்காதீர்கள். அந்த வாரம் ரயிலிலும் இடம் இருக்காது, பஸ்ஸிலும் இருக்காது.

இறங்கிய அன்றே வகுப்பு

இரவு வண்டி விடியற்காலையில் எழும்பூரில் இறக்கிவிடும். ஒன்பது மணிக்கு வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) தொடக்கம் என்று நோட்டீஸ் அடித்திருப்பார்கள். தங்கப் போவது சபையின் கூடத்தில், கழிப்பறை இரண்டு. ஒருவருக்கு 7 நிமிஷம் என்று வைத்தாலும் 24 பேர் முடிக்க 84 நிமிஷம். பாதித் தூக்கத்தில், குளிக்காமல், சாப்பிடாமல் போய் நிற்கிற ஆசிரியரிடம் பிள்ளைகள் அடங்க மாட்டார்கள். முதல் நாளைக் குளிக்கவும், இடம் பார்க்கவும், பொருட்களைப் பிரித்து அடுக்கவும் விட்டுவிடுங்கள். மற்ற நாட்களிலும் 7.30-க்குக் கிளம்ப வேண்டுமானால் 5.30-க்கு எழுப்ப வேண்டும். குளியல் வரிசையை முந்தின இரவே எழுதி ஒட்டிவிட்டால் சண்டை இல்லை.

நிகழ்ச்சி நிரலை மதுரையிலேயே முடித்துவிடுவது

நம் ஊரில் வி.பி.எஸ். காலை 9.30-லிருந்து 12.30 வரை என்பது பழக்கம். அதே நேரத்தைச் சென்னை ஓரத்தில் இருக்கிற கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோகிறார்கள். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் நகரத்துக்குள்ளிருந்து இடம் மாற்றிக் குடியமர்த்தப்பட்டவர்கள். வேலை இன்னும் நகரத்துக்குள்தான். வீட்டு வேலைக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் போகிற தாய்மார் காலையிலேயே பஸ் ஏறிவிடுவார்கள். பிறகு வீடு, தண்ணீர்க் குடம், தம்பி தங்கை எல்லாம் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை பொறுப்பு. அந்தப் பிள்ளையால் 9.30-க்கு வர முடியாது. மாலை 4.30-லிருந்து 6.30 வரை வைத்தால் வரும், இடுப்பில் தம்பியோடு வரும். அந்தத் தம்பிக்கும் ஒரு பாயும் ஒரு அக்காவும் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் போனில் தெரியாது. மார்ச்சில் இரண்டு பேர் ஒரு சனி, ஞாயிறு நேரில் போய்விட்டு வாருங்கள். அங்கிருக்கும் சபை ஊழியரிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும்: தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, பிள்ளைகள் எப்போது சும்மா இருக்கிறார்கள், இதே மே மாதம் வேறு எந்தக் குழு இங்கே வருகிறது. ஒரே பிளாக்கில் ஒரே மாதத்தில் இரண்டு மூன்று வி.பி.எஸ். நடப்பது உண்டு, பிள்ளைகள் அதே பாட்டை மூன்று விதமான ஆக்‌ஷனில் படித்துவிட்டு நிற்பார்கள். 1834-ல் மதுரைக்கு வந்து மிஷனைத் தொடங்கிய அமெரிக்கர்கள் யாழ்ப்பாண மிஷனிலிருந்து வந்தவர்கள். அங்கேயே தமிழோடு பழகிவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தார்கள். ஐந்து நாள் பயணத்துக்கு அத்தனை தேவையில்லை, இரண்டு நாள் போதும்.

கடைசி நாள் பொட்டலம்

நிறையச் சொல்ல வேண்டியது இதைப் பற்றித்தான். பணமும் இதில்தான் போகிறது, பேரும் இதில்தான் போகிறது. எத்தனை முறை சொன்னாலும் அடுத்த மே மாதம் யாராவது ஒரு சங்கம் மூட்டையோடு நிற்கிறது.

மாசி வீதியில் மொத்த விலைக்கு நோட்டு, பென்சில், கலர் பென்சில், ஜியோமெட்ரி பாக்ஸ் எல்லாம் வாங்கி, சபைக் கூடத்தில் உட்கார்ந்து கவரில் போட்டு, வசனம் அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டி 150 பொட்டலம் கட்டுவார்கள். ஒன்று 120 ரூபாய் என்றால் 18,000. ஒன்று 400 கிராம் என்றால் மொத்தம் 60 கிலோ. அதைப் பெர்த்துக்கு அடியில் அடுக்கி, எழும்பூரில் இறக்கி, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். முதல் நாள் வகுப்பில் யாராவது ஒரு தம்பி ஆர்வத்தில் சொல்லிவிடுவான்: "அஞ்சு நாளும் வர்றவங்களுக்குக் கடைசி நாள் கிஃப்ட் உண்டு!" எல்லாம் அங்கேயே கெட்டுவிடுகிறது.

எட்டு மாடிக் குடியிருப்பில் ஒரு செய்தி படியேறி இறங்க ஒரு சாயங்காலம் போதும். முதல் நாள் 60 பிள்ளைகள் வந்த இடத்தில் ஐந்தாம் நாள் 200 பேர் நிற்பார்கள். பக்கத்துப் பிளாக்கிலிருந்து வருவார்கள், கைக்குழந்தையோடு பெரியவர்கள் வருவார்கள். டோக்கன் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். டோக்கன் கை மாறும், தொலையும், பெரிய பையன் சின்னவனிடமிருந்து பிடுங்குவான். வரிசையில் தள்ளுமுள்ளு தொடங்கும்போது பொட்டலம் கொடுப்பவர்கள் பின்னால் நகர்வார்கள், கூட்டம் முன்னால் வரும். நான்கு நாளும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, வசனம் தப்பில்லாமல் சொன்ன அந்தப் பெண்பிள்ளைக்கு அன்றைக்கு அம்மா வேலையிலிருந்து வரத் தாமதமாகியிருக்கும். அது வீட்டைப் பூட்டிவிட்டு வந்து சேரும்போது மிஞ்சியிருப்பது கிழிந்த அட்டைப்பெட்டியும் தரையில் மிதிபட்ட ஸ்டிக்கரும்தான்.

நீங்கள் அன்று இரவே ரயில் ஏறிவிடுவீர்கள். அங்கேயே இருக்கிற சபை ஊழியரிடம்தான் மறுநாள் காலையில் கேட்பார்கள்: எங்க வீட்டுப் பிள்ளைக்கு ஏன் இல்லை, அந்த வீட்டில் மட்டும் எப்படி மூணு? அவர் ஒரு வருஷம் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த பழக்கம் ஒரு மணி நேரத்தில் கெட்டுவிடும். ஜூன் மாதம் சண்டே ஸ்கூலுக்கு வருகிற பிள்ளைகளும் "இன்னைக்கு என்ன தருவீங்க" என்றுதான் கேட்கும். பொருளையும் வேதபாடத்தையும் ஒரே இடத்தில் ஒரே நாளில் சேர்ப்பதால், ஆசை காட்டிக் கூப்பிடுகிறார்கள் என்ற பேச்சும் எழும். அதற்குப் பதில் சொல்லப் போவதும் அவர்தான்.

இத்தனைக்கும் அந்தப் பொட்டலத்தில் இருப்பது என்ன? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப்பை, காலணி, கிரேயான், கலர் பென்சில், ஜியோமெட்ரி பாக்ஸ் எல்லாம் அரசே இலவசமாகக் கொடுக்கிறது. ஜூனில் பள்ளி திறந்ததும் வரப்போகிற பொருளைத்தான் மே மாதம் மதுரையிலிருந்து சுமந்துகொண்டு போகிறோம்.

அந்த 18,000 ரூபாயை இப்படிப் பாருங்கள். அதே பகுதியில் ஞாயிறு சாயங்காலம் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க ஒரு அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 300 ரூபாய் இருந்தால் பிஸ்கட், டீ, சார்ட் பேப்பர் எல்லாம் ஆகிவிடும். 52 வாரத்துக்கு 15,600. மீதி 2,400-ல் இரண்டு பாயும் ஒரு போர்டும் வாங்கலாம். பணத்தை அங்குள்ள சபைக் கணக்கில் ரசீதோடு கட்டிவிடுங்கள், பிள்ளைகள் முன்னால் அதைப் பேசவே வேண்டாம். பொருளாகத்தான் கொடுப்போம் என்று சேகரக் கமிட்டி பிடிவாதம் பிடித்தால், எந்த வீட்டுக்கு எது தேவை என்று அந்த ஊழியரே பட்டியல் போடட்டும். நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் கையால் கொடுக்கட்டும்.

தினமும் கொடுக்கிற தின்பண்டம் வேறு கணக்கு. எல்லோருக்கும் ஒரே மாதிரி, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி, ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட். எதிர்பார்க்கிற எண்ணிக்கைக்கு மேல் கால் பங்கு கூடுதலாக வாங்கி வையுங்கள். இதற்குச் சண்டை வராது.

பழைய துணி

ஒரு மூட்டையும் வேண்டாம்.

வெயிலை மதுரைக் கணக்கில் எடுப்பது

"நாங்க பாக்காத வெயிலா" என்பார்கள். மதுரையில் அடிப்பது வறண்ட வெயில், வியர்வை உடனே காய்ந்து உடம்பு கொஞ்சம் ஆறும். சென்னையில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாமல் வழியும், உடம்புச் சூடு உள்ளேயே நிற்கும். தெர்மாமீட்டர் குறைவாகக் காட்டினாலும் தலைசுற்றல் சீக்கிரம் வரும். கத்திரி நாட்களில் 11-லிருந்து 3 வரை யாரையும் வெளியே அனுப்பாதீர்கள். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழும்பினால் சாயங்காலம் தாங்கும்.

ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் குடிதண்ணீர். 24 பேருக்கு 96, அதாவது 20 லிட்டர் கேன் ஐந்து. சமையலுக்கு இது போக. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருபதாவது கையில் இருக்கட்டும். ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டரில் முழுசாகக் கரைக்க வேண்டும், பாதிப் பாக்கெட்டை டம்ளரில் கலக்கிக் கொடுப்பது தப்பு. பாக்கெட் தீர்ந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒருவர் உளறினாலோ, நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாமல், நிழலில் படுக்க வைத்து ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே 108-க்குப் போன் செய்யுங்கள்.

ரயிலுக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகாதீர்கள், மே மாதத்தில் விழுப்புரம் போவதற்குள் புளித்துவிடும். புளியோதரை அல்லது மிளகாய்ப்பொடி தடவிய இட்லி.

பஸ்ஸில் பிரிந்துவிடுவது

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உடனே காசு மிச்சம் என்று தங்கச்சிமாரை அதில் ஏற்றிவிட்டு, தம்பிமார் பின்னால் வருகிற டீலக்ஸில் ஏறிவிடுவார்கள். இரண்டு பஸ்ஸும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. ஆறு பேர் ஒரு குழு, குழுவுக்கு ஒரு பெரியவர், அந்த ஆறு பேரும் ஒரே பஸ். சேரும் இடத்தை "ஸ்டேஷனில்" என்று சொல்லாமல் "இத்தனாம் நடைமேடை, டீக்கடைக்கு எதிரே" என்று சொல்லுங்கள்.

மெட்ராஸ் பாஷை பேசிக் காட்டுவது

அந்தப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சு அது. செய்யாதீர்கள்.

பிள்ளைகளோடு தனியாக இருப்பது, படம் எடுப்பது

எந்த நேரத்திலும் ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மட்டும் மூடிய அறையில் இருக்கக் கூடாது. இரண்டு பேராவது இருங்கள், கதவு திறந்திருக்கட்டும். பெற்றோர் சம்மதிக்காத படம் எடுக்காதீர்கள், சம்மதித்தாலும் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால், ஊருக்குப் போய் ஜெபக்குறிப்பாக வைக்க வேண்டிய விஷயம் இல்லை அது. 2012-ம் வருஷத்து போக்சோ சட்டப்படி (பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் சட்டம்) அப்படி நடந்ததை அறிந்தவர் யாராக இருந்தாலும் புகார் கொடுத்தே ஆக வேண்டும். அங்குள்ள ஆயரிடம் உடனே சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் போன் செய்யுங்கள்.

மெரினா

கால் நனைத்தால் போதும் என்று இறங்குகிறவர்கள்தான் பிறகு முழங்கால் வரை, இடுப்பு வரை என்று போகிறார்கள். கிணற்றிலும் கண்மாயிலும் நீந்திப் பழகியவர்களுக்கு நம்பிக்கை அதிகம், ஆபத்தும் அவர்களுக்கே. திரும்பிப் போகும் அலை காலுக்கடியில் மணலை உருவி உள்ளே இழுக்கும். வருஷந்தோறும் வெளியூர் இளைஞர்கள் அங்கே சாகிறார்கள். மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். வேறு எதில் இளகினாலும் இதில் இளகாதீர்கள்.

வருகை நோட்டை ஊருக்குக் கொண்டுவந்துவிடுவது

அறிக்கை எழுத வேண்டும் என்று நோட்டை மதுரைக்கே தூக்கி வந்துவிடுகிறார்கள். அது இருக்க வேண்டிய இடம் அந்தச் சபை. பிள்ளையின் பெயர், வயது, பிளாக், எத்தனை நாள் வந்தது, எந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பாடியது எல்லாம் எழுதுங்கள். யார் இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறது என்பதையும் எழுதுங்கள். கிளம்புவதற்கு முன் ஞாயிறு வகுப்பெடுக்கும் அக்காவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்து ஒப்படையுங்கள். எந்தக் கதையைப் பாதியில் விட்டீர்கள் என்பதைக் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். ஜூன் முதல் ஞாயிறு அவர் அங்கேயிருந்துதான் தொடங்குவார்.