போர்க்கால அருங்காட்சியகங்கள்: கண்காட்சி வைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக் கூடத்தில் போரையும் கலையையும் பற்றிச் சிறு கண்காட்சி வைக்க முனைவோர் பெரும்பாலும் முதல் பலகையிலேயே தவறிவிடுகிறார்கள். போர் வந்ததும் அருங்காட்சியகம் பூட்டப்பட்டுவிடும் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மை அப்படியில்லை. இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939-இல் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் வெறுமையான அக்கூடத்திலேயே மதிய நேர இசை நிகழ்ச்சிகள் தொடங்கின. 1942 முதல் மாதத்துக்கு ஒரே ஒரு ஓவியம் என்ற முறையில் மக்களுக்குக் காட்டவும் செய்தார்கள். லெனின்கிராடின் (இன்றைய ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் ஓவியங்கள் ரயிலேறிய பின்னும் அவற்றின் வெற்றுச் சட்டகங்கள் சுவரிலேயே தொங்கின. அவற்றின் முன் நின்று, அங்கே இல்லாத ஓவியங்களை ஊழியர்கள் படைவீரர்களுக்கு விவரித்திருக்கிறார்கள்.

பழைய ஓவியத்தைக் காக்கும் முறையே சமகாலக் கலைக்கும் போதும் என்று நினைப்பது இன்னும் பெரிய தவறு. திரைச்சீலை ஓவியத்தைப் பெட்டியில் அடைத்துச் சுரங்கத்தில் வைக்கலாம். மண், துணி, ஒலி, காணொளி ஆகியவற்றைச் சேர்த்து அமைத்த நிறுவல் படைப்பில் எந்தப் பகுதி அசல், எதை மாற்றிக்கொள்ளலாம், எந்த வரிசையில் பொருத்த வேண்டும் என்ற கலைஞரின் குறிப்பு தொலைந்தால், பெட்டி பத்திரமாக இருந்தும் பயனில்லை. வில்லையும் குடத்தையும் பூட்டி வைத்துவிட்டு வில்லுப்பாட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று நம் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. கலைஞரோ உயிரோடு இருப்பவர், சில வேளை போர்முனையிலேயே இருப்பவர். அவரிடம் கேட்டு எழுதி வைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

பதிவேட்டை அலுவலக வேலையென்று ஒதுக்குவதும் தவறே. 2022 நவம்பரில் உக்ரைனின் கெர்சோன் நகரை விட்டு ரஷ்யப் படை வெளியேறுமுன் அந்நகரக் கலை அருங்காட்சியகத்தின் படைப்புகள் அள்ளிச் செல்லப்பட்டன. அவற்றில் சில கிரிமியாவின் சிம்ஃபெரோபோலில் இருப்பதை, அங்கு எடுத்த படங்களைப் பார்த்து ஊழியர்கள் அடையாளம் கண்டார்கள். ஒவ்வொரு படைப்புக்கும் படமும் அளவும் எண்ணும் இருந்தால்தான் பின்னாளில் இது எங்களுடையது என்று கேட்க முடியும்; அப்பதிவின் ஒரு படி வேறு ஊரில் இருக்க வேண்டும்.

விளக்கப் பலகையில் வீரவசனம் வேண்டாம். ஆண்டும் இடமும் பொருளும் சொன்னாலே போதும்.

கடைசியாக, இதையெல்லாம் தொலைதேசத்துக் கதையாக நிறுத்திவிடுவதும் தவறு. ஆதிச்சநல்லூரில் 1876-இல் அகழ்ந்த ஜெர்மானியரான யாகோர், கிடைத்தவற்றைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். அந்நகரின் இனவியல் அருங்காட்சியகத் தொகுப்பில் ஒரு பகுதி, இரண்டாம் உலகப் போரின் முடிவில் சோவியத் படையினரால் லெனின்கிராடுக்குக் கொண்டு செல்லப்பட்டது. நெல்லையில் வைக்கும் கண்காட்சியில் கெர்சோனின் படத்துக்குப் பக்கத்தில் தாமிரபரணிக் கரைத் தாழி ஒன்றின் படத்தையும் வைக்கலாம்.