கண்டிகோட்டாவுக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகுவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது கண்டிகோட்டா. வடபெண்ணை ஆறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு ஓடும் இடம் அது. தென்கரைப் பாறையின் உச்சியில் கோட்டை. அதற்கு ஒரு பக்கம் முழுக்கப் பள்ளத்தாக்கே அரண். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வாரக் கடைசியில் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களில் பலர் உச்சி வெயிலில் வந்து இறங்கி, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, "இவ்வளவுதானா?" என்று கிளம்பிவிடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. குறை இடத்தில் இல்லை, அவர்கள் போட்ட திட்டத்தில்தான்.

பெரிய தவறு, இதை ஒரே நாளில் போய் வரும் இடமாக நினைப்பது. சென்னையிலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல். திருப்பதி, கடப்பா வழியாகப் போனால் ஏழெட்டு மணி நேரம் ஆகும். விடியற்காலை கிளம்பினாலும் நண்பகலுக்குத்தான் சேருவீர்கள். அந்த நேரத்து வெயில் நேர் மேலிருந்து விழுவதால் பாறையின் சிவப்பு வெளுத்துப் போயிருக்கும். அடுக்கடுக்கான படிவங்களை எடுத்துக் காட்டும் நிழலும் இருக்காது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அதே பாறை வேறு நிறத்துக்கு மாறும், காலையில் இன்னொரு நிறம். ஆகவே மாலை வெளிச்சம் ஒன்று, காலை வெளிச்சம் ஒன்று, நடுவில் ஓர் இரவு. இதற்குக் குறைந்து திட்டம் போடாதீர்கள்.

தங்குவதற்கு ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதி கோட்டைக்கு வெளியே இருக்கிறது. கூடாரம் போட்டுத் தருபவர்களும் உண்டு. விடுமுறை நாட்களில் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் இடம் கிடைக்காது, முன்பதிவு செய்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் ஜம்மலமடுகு, இல்லையென்றால் புரொத்தட்டூர்.

அடுத்தது, "இந்தியாவின் கிராண்ட் கேன்யன்" என்ற பட்டத்தை நம்பிப் போவது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் 446 கிலோமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆழம். இங்கே ஆழம் சுமார் 300 அடி. அந்தப் பிரம்மாண்டத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஆனால் வயதை எடுத்துக்கொண்டால் கதையே வேறு. கிராண்ட் கேன்யன் விளிம்பில் நிற்பவர்களின் காலடியில் இருப்பது சுமார் 27 கோடி ஆண்டுப் பாறை. கண்டிகோட்டாவில் நீங்கள் உட்காரும் குவார்ட்சைட் பாறை நூறு கோடி ஆண்டுகளைத் தாண்டியது. ஒரு காலத்தில் மணலாக இருந்து இறுகியது. இதைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்து பாருங்கள், அந்தப் பட்டமே தேவைப்படாது.

பருவத்தைப் பார்க்காமல் கிளம்புவதும் அடிக்கடி நடக்கிறது. பிள்ளைகளுக்கு லீவு என்று ஏப்ரல், மே மாதங்களில் வருகிறார்கள். ராயலசீமையில் அப்போது 40 டிகிரியைத் தாண்டும். பாறை வாங்கி வைத்த சூடு பொழுது சாய்ந்த பிறகும் இறங்காது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். அதிலும் புயல் மாதங்களில் வானிலையைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். 2021 நவம்பரில் கடப்பா பக்கத்துச் செய்யேறு ஆற்று வெள்ளத்தில் அன்னமய்யா அணை உடைந்தபோது, நந்தலூர், ராஜம்பேட்டை பகுதியில் ரயில் பாதையே அடித்துக்கொண்டு போனது. நாம் போகும் வழியும் அதுதான்.

இனி விளிம்பைப் பற்றி. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் ஜாமியா மசூதியைத் தாண்டிப் போனால், கடைசிக் கொஞ்ச தூரம் பாறைகள் மேல் ஏறி இறங்கித்தான் பள்ளத்தாக்கைப் பார்க்க முடியும். விளிம்பின் பெரும்பகுதியில் கம்பி வேலி எதுவும் கிடையாது. இந்தக் குவார்ட்சைட் இயல்பாகவே வெடிப்புகளின் வழியே கட்டை கட்டையாகப் பிளக்கும். பார்க்கத் திடமாக இருக்கும் ஒரு துண்டு வெறுமனே மேலே உட்கார்ந்திருக்கலாம். அதன் நுனியில் காலைத் தொங்கப்போட்டு செல்ஃபி எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். விளிம்பிலிருந்து நாலடி பின்னால் உட்கார்ந்தாலும் ஆறு நன்றாகவே தெரியும். செருப்பு சரிப்படாது, பிடிமானம் உள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். சூரிய உதயத்துக்குப் போகிறவர்கள் இருட்டிலேயே அந்தப் பாறைகளைக் கடக்க வேண்டியிருக்கும். டார்ச் கட்டாயம், போன் வெளிச்சம் போதாது. மழை பெய்து நனைந்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். சின்னக் குழந்தைகளின் கையை விடவே கூடாது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை விளிம்பு வரை வற்புறுத்தி அழைத்துப் போக வேண்டியதில்லை, அவர்கள் பார்க்கக் கோட்டைக்குள்ளேயே நிறைய இருக்கிறது.

கோட்டையைத்தான் பலர் கண்டுகொள்வதே இல்லை. விஜயநகரப் பேரரசின் கீழ் பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட இடம். பிறகு கோல்கொண்டா சுல்தானின் தளபதி மீர் ஜும்லா பிடித்தார். 1652இல் பிரெஞ்சு வணிகர் தவெர்னியே இங்கே வந்து அவரைச் சந்தித்திருக்கிறார். மாதவராயர் கோயிலின் கோபுரம், மசூதி, பக்கத்திலேயே பெரிய தானியக் களஞ்சியம் என்று நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். வெயில் ஏறிய பிறகு களஞ்சியத்துக்குள் நல்ல நிழல்.

சாப்பாடு, பெட்ரோல், கைச்செலவுக்குப் பணம், மருந்து எல்லாவற்றையும் ஜம்மலமடுகுவிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கண்டிகோட்டா சின்ன கிராமம். ஆளுக்கு இரண்டு லிட்டராவது தண்ணீர் வேண்டும். பஸ்ஸிலோ ரயிலிலோ வருகிறவர்கள் ஜம்மலமடுகுவில் ஆட்டோ பிடிக்கும்போதே திரும்பும் நேரத்தையும் பேசி முடிப்பது நல்லது.

அப்புறம், வந்ததே வந்தோம் என்று பேலம் குகை, தாடிபத்ரி, யாகந்தி கோயில்கள் எல்லாவற்றையும் அதே நாளில் திணிப்பது. பேலம் சுமார் 60 கிலோமீட்டர். குகையின் மொத்த நீளம் 3,229 மீட்டர், அதில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து பார்க்கலாம். உள்ளே புழுக்கம் அதிகம், சாயங்காலம் மூடிவிடுவார்கள். போவதானால் இரண்டாம் நாள் காலையில் உதயம் பார்த்த கையோடு கிளம்பி, அது ஒன்றை மட்டும் பாருங்கள். பேலத்தை விட்டுவிட்டு நேராகச் சென்னை திரும்புகிறவர்களுக்குக் கடப்பா தாண்டியதும் ஒண்டிமிட்டா கோதண்டராமர் கோயில் வழியிலேயே வரும். அங்கே ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, லாரிகள் அதிகம் ஓடும் ரேணிகுண்டா சாலையை இருட்டுவதற்குள் கடந்துவிடப் பாருங்கள்.