சேலத்து வீட்டுப் பலகையில் இருக்கும் ஆண்டு சரிதானா? சோதித்துப் பார்க்கும் முறை

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1626-ல் உருவான ஊர் சேலம். பைபிளில் வரும் பெயர் அது. நம் மாம்பழச் சேலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செஸ்ட்நட் தெரு, டெர்பி தெரு பக்கம் நடந்தால் பல வீட்டு முகப்பில் வெள்ளை மரப்பலகை தெரியும். முதல் உரிமையாளரின் பெயர், அவர் செய்த தொழில், கட்டிய ஆண்டு என்று கறுப்பு எழுத்தில் மூன்று நான்கு வரி, அவ்வளவுதான். அந்த ஆண்டு வானத்திலிருந்து விழுந்ததல்ல. யாரோ பத்திரங்களைப் புரட்டிக் கண்டுபிடித்தது. ஆகவே நீங்களும் புரட்டிச் சரிபார்க்கலாம்.

முதலில் அது எந்த வகைப் பலகை என்று பாருங்கள். மரப்பலகை, ஹிஸ்டாரிக் சேலம் என்ற அமைப்பு வீட்டு வரலாற்றை ஆராய்ந்து தருவது. சூனியக்காரி வீடு என்று அழைக்கப்படும் ஜொனாதன் கார்வின் வீட்டைக் காப்பாற்றுவதற்காக 1944-ல் தொடங்கிய அமைப்பு அது. அமெரிக்க அரசின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றதாகச் சொல்லும் வெண்கலப் பட்டயம் வேறு ரகம். பதிவேட்டில் சேர்ந்தால் அரசு பட்டயம் கொடுத்துவிடாது. உரிமையாளரே காசு கொடுத்துச் செய்து மாட்டுகிறார். சாலையோர வார்ப்பிரும்புப் பலகைகள் 1930-ல் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தின் முந்நூறாவது ஆண்டுக்காக நட்டவை. வாசகம் வரலாற்றாசிரியர் சாமுவேல் எலியட் மோரிசனுடையது. நல்ல எழுத்துதான், ஆனால் 1930-ல் தெரிந்தவரைதான் அதில் இருக்கும். 1692 சூனிய வழக்கில் 19 பேரைத் தூக்கிலிட்ட இடம் பிராக்டர்ஸ் லெட்ஜ் என்று உறுதியானதே 2016-ல்தான். அங்கே நினைவிடம் 2017-ல் வந்தது. எந்தப் பலகையானாலும் அதை வைத்த ஆண்டு எங்காவது பொறித்திருக்கிறதா என்று தேடிவிட்டு மேலே படியுங்கள்.

இனி பத்திரம். சொந்த ஊரில் தாய்ப்பத்திரம் தேடி அலைந்தவர்களுக்கு இது புதிதல்ல. எசெக்ஸ் மாவட்டத்தின் தென்பகுதிப் பத்திரப்பதிவு அலுவலகம் சேலத்திலேயே இருக்கிறது. 1640 முதல் ஏடுகள் உண்டு, இணையத்திலும் பார்க்கலாம். இன்றைய உரிமையாளரிடமிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். எழுதி வாங்கியவர் அட்டவணையில் அவர் பெயரைத் தேடினால் அவருக்கு விற்றவர் கிடைப்பார். அடுத்து விற்றவரின் பெயரை அதே அட்டவணையில் தேடுங்கள். ஒவ்வொரு பத்திரத்திலும் ஏடு எண், பக்க எண், தேதி, விலை, நான்கெல்லை, "அதன் மேலுள்ள வீட்டுடன்" என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பது, ஆக ஆறு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விடை பெரும்பாலும் அந்த ஆறாவதில் இருக்கும். 1801-ல் வெறும் நிலமாக விற்று, 1807-ல் வீட்டோடு விற்றிருந்தால் நடுவில் கட்டியிருக்கிறார்கள். இடையில் அடமானப் பத்திரம் ஏதாவது அகப்பட்டால் இடைவெளி இன்னும் குறுகும். ஆனால் வீடு என்ற சொல்லைக் கண்டதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். அது இடித்துத் தள்ளிய பழைய வீடாகவும் இருக்கலாம். அதற்கு 1798 நேரடி வரிப் பட்டியல் கைகொடுக்கும். நூறு டாலருக்கு மேல் மதிப்புள்ள வீடுகளுக்கு அளவு, மாடி, ஜன்னல் எண்ணிக்கை எல்லாம் அதில் எழுதியிருக்கிறார்கள். பட்டியலில் ஒற்றை மாடி, எதிரில் நிற்பதோ மூன்று மாடி என்றால் இரண்டும் ஒரே வீடுதானா என்று சந்தேகப்படுங்கள்.

விலையை வைத்து ஏமாறுவதுதான் இதில் பெரிய பொறி. 1790-களில் கணக்கு பவுண்டிலிருந்து டாலருக்கு மாறியது. மாசச்சூசெட்ஸ் கணக்கில் ஆறு ஷில்லிங் ஒரு டாலர்; 300 பவுண்டு என்றால் 1,000 டாலர். முந்தைய பத்திரத்தில் 300, அடுத்ததில் 1,000 என்று பார்த்ததும் நடுவில் வீடு எழும்பிவிட்டது என்று முடிவுகட்டினால் போச்சு. விலை அப்படியேதான் இருக்கிறது, காசுதான் மாறியிருக்கிறது.

தேதியிலும் இப்படி ஒன்று உண்டு. 1752-க்கு முன் அங்கே புத்தாண்டு மார்ச் 25-ல் பிறந்தது. ஆகவே ஜனவரி, பிப்ரவரி பத்திரங்களில் 1701/2 என்று இரட்டை ஆண்டு வரும். நம் கணக்கில் அது 1702. சில எழுத்தர்கள் ஒற்றை ஆண்டை மட்டும் போட்டுவிடுவார்கள், அங்கே ஓராண்டு நழுவும். நிலத்தை ராட், போல், பெர்ச் என்று அளந்திருப்பார்கள். மூன்றும் ஒன்றே, 16.5 அடி.

உரிமையாளர்களின் சங்கிலி திடீரென்று அறுந்தால் பெரும்பாலும் விற்பனையே நடந்திருக்காது. தகப்பன் இறந்து மகளுக்குப் போயிருக்கும். அவள் பெயர் கல்யாணத்தில் மாறியிருக்கும். உயில், சொத்துப் பட்டியல், பாகப்பிரிவினை இருக்கும் ஆவணக் கட்டுகளில் தேடுங்கள். அப்பன், மகன், பேரன் மூவருக்கும் ஒரே பெயர் வைப்பது அந்த ஊர் வழக்கம். தொழிலையும் மனைவி பெயரையும் ஒப்பிடாமல் யாரையும் முடிவு செய்யாதீர்கள். 1837 முதல் ஊர் முகவரிப் புத்தகங்கள் உண்டு, ஆனால் கதவு எண்கள் மாறியிருக்கின்றன. எண்ணை விட்டுவிட்டு 1874, 1897, 1911 நில வரைபடங்களில் மனையின் வடிவத்தைப் பிடியுங்கள். 1914 ஜூன் 25-ல் நடந்த பெருந்தீயில் 1,300-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. எரிந்த பகுதிக்குள் வரும் மனையில் 1911 வரைபடத்துக் கட்டடம் இன்று நிற்காது.

கிழக்குச் சபையின் போதகர் வில்லியம் பெண்ட்லியின் நாட்குறிப்பும் தேடுகிறவர்களுக்குப் பொக்கிஷம். 1784 முதல் 1819 வரை ஊரில் நடந்ததையெல்லாம் எழுதிவைத்தவர். 1790 டிசம்பர் 29 அன்று, மதராஸிலிருந்து வந்த ஒருவரை முதல்முறையாகப் பார்த்ததாகவும், நல்ல கறுப்பு நிறம், நீண்ட கருங்கூந்தல், உயரமானவர் என்றும் குறித்திருக்கிறார். கப்பலோடு வந்த அந்த மனிதரின் பெயரை மட்டும் எழுதவில்லை.

காகிதம் சொன்னதை மரம் ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்கப் பரணுக்கும் நிலவறைக்கும் போங்கள். கூடத்தில் ஒன்றும் கிடைக்காது, தலைமுறைக்கு ஒருமுறை அதை மாற்றியிருப்பார்கள். கூரைப் பலகையைப் பிடித்திருக்கும் ஆணியைப் பாருங்கள். நான்கு பக்கமும் கூம்பி, தலையில் சுத்தியல் தட்டிய முகங்கள் தெரிந்தால் கொல்லர் கையால் அடித்தது. பெரும்பாலும் 1790-களுக்கு முந்தையது. இரண்டு பக்கம் மட்டும் கூம்பி, மற்ற இரண்டும் நேராக இருந்தால் இயந்திரம் தகட்டிலிருந்து வெட்டியது, 19-ஆம் நூற்றாண்டு. உருண்டையான கம்பி ஆணி 1880-களுக்குப் பிறகு பரவியது. ஓர் ஆணியை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், அது ஒட்டுப் போட்ட பலகையாக இருக்கலாம். பத்து இடத்தில் பாருங்கள். டார்ச்சைப் பலகையோடு சாய்த்து அடித்தால் ரம்பத் தழும்பு தெரியும்: நேர்க்கோடுகள் என்றால் மேலும் கீழும் ஓடிய பழைய ரம்பம், வில் போல வளைந்தால் வட்ட ரம்பம், அதாவது ஏறக்குறைய 1830-களுக்குப் பின்.

முகப்பை வைத்துக் காலம் சொல்வது கடைசி வேலை. 1804-ல் எழுந்த கார்ட்னர்-பிங்ரீ வீட்டைப் போல மூன்று மாடி, தாழ்ந்த கூரை, மேல்மாடியில் குட்டை ஜன்னல் என்றால் காலம் சட்டென்று பிடிபடும். ஆனால் 1668-ஐச் சேர்ந்த டர்னர் மாளிகையின் முக்கோண முகடுகளில் பல, 1908-ல் கரோலைன் எமர்ட்டன் அதை வாங்கிய பிறகு திரும்ப வைத்தவை. வீடே நகர்ந்திருக்கவும் கூடும். கார்வின் வீட்டைத் தெரு அகலமானபோது சுமார் 35 அடி பின்னுக்கு இழுத்தார்கள். 1684-ஐச் சேர்ந்த ஜான் வார்டு வீடு 1910-ல் வேறு மனைக்கே போனது. மரச்சட்டத்தைவிட அடித்தளமும் புகைபோக்கியின் அடியும் புதிதாகத் தெரிந்தால் பத்திரத்தில் சரியான மனையைத்தான் தேடுகிறோமா என்று மறுபடி யோசியுங்கள்.

பலகை கிடைத்து மாட்டப் போகிறீர்கள் என்றால், வீடு வரலாற்று வட்டாரத்துக்குள் வருகிறதா என்று நகரின் வரலாற்று ஆணையத்தில் முதலில் கேளுங்கள். மரப்பலகையின் வெட்டுமுனைகளில் இரண்டு கோட் ப்ரைமர் அடிக்க வேண்டும், தண்ணீர் குடிப்பது அங்கேதான். சுவருக்கும் பலகைக்கும் நடுவே கால் அங்குலம் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் பின்னால் ஈரம் தேங்கிச் சுவர்ப்பலகை இற்றுப்போகும். செங்கல் சுவர் என்றால் செங்கல்லைத் துளைக்கவே கூடாது, காரை இணைப்பில்தான் துளை போட வேண்டும். காரையைத் திரும்பப் பூசலாம், உடைந்த செங்கல்லை ஒட்ட முடியாது. பூசும்போது சிமெண்டு வேண்டாம், சுண்ணாம்புக் காரையே போதும். 1978-க்கு முந்தைய வீட்டில் பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, ஆகவே காய்ந்த சுவரைச் சுரண்டாமல் நனைத்துத் துளையிடுங்கள். வெண்கலப் பட்டயத்துக்கு இரும்புத் திருகு போட்டால் சில மழைக்காலத்தில் துருக்கோடு சுவரில் வழியும்; வெண்கலத் திருகு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள்.