தெர்மாமீட்டர் சரியா? ஒரு டம்ளர் ஐஸ் போதும்

உணவுக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரைச் சோதிக்க, டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸைப் போட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். சில நிமிடம் கழித்து, முனை அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் நடுவில் பிடியுங்கள். அளவு நிலைத்ததும் 0 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்; 1 டிகிரி முன்பின் இருந்தால் பரவாயில்லை.

ஐஸும் தண்ணீரும் சேர்ந்திருக்கும் வரை, நன்றாகக் கலக்கிய கலவை 0 டிகிரியை விட்டு நகராது. வழக்கமான தப்பு, ஐஸ் மிதக்க மிதக்கத் தண்ணீர் ஊற்றுவது. அடித்தண்ணீர் 2, 3 டிகிரிக்கு ஏறிவிடும். பழி நல்ல கருவிமேல் விழும். டயலில் முள் நகர்ந்து அளவு காட்டும் வகையில், சூட்டை உணரும் பகுதி நுனியில் மட்டும் இல்லை, தண்டில் 5, 6 சென்டிமீட்டராவது மூழ்க வேண்டும். அளவு தவறினால் டயலுக்குப் பின்னாலுள்ள நட்டைத் திருகிச் சரிசெய்யலாம். டிஜிட்டல் என்றால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். கருவி கீழே விழுந்தால் அப்போதே சோதித்துவிடுவது நல்லது.

உப்பு கலந்த ஐஸுக்கு இது ஒத்துவராது, 0-க்குக் கீழே இறங்கிவிடும். தொடாமல் அளக்கும் துப்பாக்கி வகை மேற்பரப்பை மட்டுமே பார்ப்பதால், அதற்கும் இந்த முறை அல்ல. 0 சரியாகக் காட்டும் கருவி சமையல் சூட்டில் தவறலாம். அதைக் கொதிநீரில் தனியாகப் பாருங்கள். உயரமான ஊர்களில் ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் கொதிநிலை குறையும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.